ஐந்தாவது பட்டர்

ஜூன் 8, ஞாயிறு

இந்தப் பட்டரோடு இனி குடும்பம் நடத்த முடியாது. பத்தொன்பது வருடம் கூட இருந்தது, நன்றி, போதும்.

வசந்தா, இந்த டைரியை நீ எடுத்துப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆகவே உனக்காக ஒரு விளக்கம். கோல்ஃப் பையில் பதினான்கு மட்டைகள் இருந்தாலும், குழிக்குப் பக்கத்தில் ஒட்ட வெட்டிய புல்லில் பந்தை உருட்டித் தள்ள ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பெயர் பட்டர். இன்று ஏழாவது குழிக்கு மூன்றடி தூரம். விளக்குமாற்றால் தள்ளினாலும் விழும். பந்தைத் தொடப்போகும் நேரத்தில் பட்டர் தானாக இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டியது. பந்து குழியை எட்டிக்கூடப் பார்க்காமல் ஆறடி தள்ளிப் போய் நின்றது.

தண்டபாணி சிரிக்கவில்லை. பம்ப் ஃபவுண்டரி வைத்திருப்பவன், இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு காலையில் என்னோடு ஆடுபவன், நான் தும்மினாலும் சிரிப்பவன். இன்று மரியாதையாக எங்கோ மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அது சிரித்ததைவிட எரிச்சலாக இருந்தது.

அவனுக்கு வலது கண்ணில் புரை முற்றிக்கொண்டு வருகிறது. பந்து எங்கே விழுந்தது என்று மயில்சாமியைக் கேட்டுத்தான் நடக்கிறான். (மயில்சாமி எங்கள் பையைத் தூக்குபவர். கிளப்பில் கேடி என்பார்கள், போலீஸ் ஸ்டேஷன் அர்த்தத்தில் அல்ல.) தண்டபாணியின் கண்ணை நான்தான் செய்வதாகப் போன வருடமே பேச்சு. இந்தக் கோயமுத்தூரில் முப்பது வருடமாகக் கண் அறுவைதான் என் தொழில். நண்பன் கண்ணை வேறு எவனிடம் விடுவேன்?

ஜூன் 11, புதன்

புதுப் பட்டர் வந்துவிட்டது. பழையது தட்டையான கத்தி மாதிரித் தலை, கை கொஞ்சம் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். இது அரைவட்டத் தலை, பின்பக்கம் கனம். கை பிசகினாலும் தலை நேராகப் போகும் என்கிறான் கடைக்காரன். என் கை பிசகவில்லை என்று அவனிடம் சொன்னேன்.

வசந்தா பெட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னொரு பட்டருங்களா? வைகுண்ட ஏகாதசிக்கு ஆள் சேக்கறீங்களா?" என்றாள். நாற்பது வருடமாக இவள் வாயை அடக்க எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

அற்புதம். முதல் ஐந்து குழியில் ஒன்றுகூடத் தவறவில்லை. குறை மட்டையில்தான் இருந்தது என்பது நிரூபணம்.

இரண்டு முறை தண்டபாணி "கொடுத்தாச்சு, எடுத்துக்க" என்றான். இதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன் வசந்தா. பந்து குழிக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றால், இது எப்படியும் விழும் என்று எதிராளி விட்டுக்கொடுக்கலாம். அடிக்காமலே பந்தை எடுத்துக்கொள்ளலாம், விழுந்ததாகவே வைத்துக்கொள்வார்கள். சாதாரணமாக ஒரு சாணோ ஒரு முழமோ இருந்தால்தான் கொடுப்பார்கள். இன்று அவன் கொடுத்தது ஒவ்வொன்றும் இரண்டடி இருக்கும். வயதாக ஆக மனிதனுக்குத் தாராளம் வருகிறது போல.

ஜூன் 24, செவ்வாய்

ஒன்பது கண். எல்லாம் நல்லபடி.

எஸ்தர் சிஸ்டர் இன்று நான் கேட்காமலே என் மணிக்கட்டுக்கு அடியில் துணியை மடித்து வைத்தார். பதினேழு வருடமாக என் தியேட்டரில் இருப்பவர், ஒரு காரணம் இருக்கும். வசதியாகத்தான் இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

அரைவட்டமும் காலை வாரிவிட்டது. நான்கு குழியில் அதே வெட்டு.

ஆட்டம் முடிந்ததும் மயில்சாமியோடு கிளப் ஷெட்டில் உட்கார்ந்து கைப்பிடியை மாற்றினோம். பழைய ரப்பரைக் கொக்கிக் கத்தியால் கீறி உரித்தார். கம்பியில் ஒட்டியிருந்த டேப்பைச் சுரண்டி, இருபக்கமும் ஒட்டும் புது டேப்பைச் சுற்றினார். மேலே கொஞ்சம் பெட்ரோலை ஊற்றி, புதுப்பிடியை ஒரே மூச்சில் உள்ளே தள்ளினார். நடுவில் நின்றால் மாட்டிக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். புதுப்பிடி வாழைத்தண்டு பருமன். பிடி பருமனாக இருந்தால் விரலுக்கும் மணிக்கட்டுக்கும் வேலை குறையும், தோள்தான் ஆட்டும் என்பது தத்துவம்.

"பட்டர்ல ஒண்ணும் கோளாறு இல்லீங் சார்" என்றார் மயில்சாமி, டேப் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே.

"அப்புறம் எதுல இருக்குது?" என்றேன். பெட்ரோல் நெடி கண்ணைக் கரிக்கிறது என்று சொல்லிக்கொண்டு அவர் எழுந்து போய்விட்டார். எனக்கு நெடியே தெரியவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

எட்டுக் கண். கருவி விற்கும் கம்பெனி ஆள் வந்திருந்தார். இடுக்கியும் கொக்கியும் கைப்பிடி பருமனாகக் கிடைக்குமா என்று கேட்டேன். பிடித் தத்துவம் எங்கும் ஒன்றுதானே. அவர் குறித்துக்கொண்டார். டாக்டர் சிந்துஜா பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடாமல் என்னைப் பார்த்தாள். நான்கு வருடமாக என்னிடம் இருக்கிறாள், நன்றாகச் செய்கிறாள், ஆனால் பார்வை மட்டும் கொஞ்சம் அதிகம்.

ஜூலை 3, வியாழன்

வசந்தா இதை உண்மையிலேயே படிக்கிறாள். காலையில் காபியோடு வந்து, "ஏனுங்க, ஜனவரில எழுதினதெல்லாம் கொட்டை கொட்டையா இருக்குது. இப்ப எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்குது. கண்ணாடி போட்டும் எனக்குப் படிக்க முடியலீங்க" என்றாள்.

பேனா சரியில்லை. நாளைக்கு வேறு வாங்க வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

கிளப்பில் கேப்டன் கோப்பைப் போட்டி ஆகஸ்டு கடைசியில். அதற்கு முன்னால் தண்டபாணி கண்ணை முடித்துவிடலாம் என்று தேதி சொன்னேன். ஜூலை 22, செவ்வாய், முதல் கேஸ்.

"ஆடி பொறந்துருமேப்பா" என்றான்.

"கண்ணுக்கு ஏதுடா ஆடி?"

"எங்கம்மா இருந்தா ஒத்துக்காது. ஆடி கழியட்டும், சென்னி. ஆவணில பாத்துக்கலாம்."

ஆடியில்தான் இவன் புது உலையைப் பற்றவைத்தான், எனக்கு ஞாபகம் இருக்கிறது. திடீரென்று பக்தி முற்றிவிட்டது. சரி, ஆவணியில் செய்கிறேன் என்றேன். அவன் பந்தைத் துடைத்துக்கொண்டே நடந்தான். ஒன்பதாவது குழியில் நான்கடிப் பந்தைப் பார்த்து "கொடுத்தாச்சு" என்றான். நான்கடியை எவனாவது கொடுப்பானா? அடித்துக்காட்டுகிறேன் என்று நின்றேன். "எடுத்துக்க சென்னி, வெய்யில் ஏறுது" என்று பந்தைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டான். மணி எட்டுகூட ஆகவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

என்னிடம் இப்போது நான்கு பட்டர்கள். பழைய கத்தி, அரைவட்டம், அதைவிட இரண்டு அங்குலம் நீளமாக ஒன்று, தலையில் ஈயப்பட்டை ஒட்டிக் கனமாக்கிய ஒன்று. இன்று விஞ்ஞான முறையில் சோதனை. தண்டபாணி கிளம்பிய பிறகு மயில்சாமியை நான்கடியில் நிற்கவைத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பந்து அடிக்கச் சொன்னேன்.

நாற்பதில் முப்பத்தேழு விழுந்தது. எந்தப் பட்டர் நல்லது என்று கேட்டேன். "எல்லாம் நல்லதுதானுங்" என்றார். இவரிடம் கேட்டது என் தப்பு. எதில் அடித்தாலும் விழுகிறவருக்கு மட்டையின் நுட்பம் எங்கே தெரியும்?

பிறகு நான் அடித்தேன். எண்ணிக்கையை எழுதப் போவதில்லை.

ஜூலை 15, செவ்வாய்

இன்று ஒரு கேஸில் சிக்கல். குருசாமி, அறுபத்தொரு வயது, தையற்காரர். புரை பிடித்த வில்லையை உறிஞ்சி எடுத்துவிட்டு, அது இருந்த மெல்லிய பையில் புது வில்லையை வைக்க வேண்டும். கடைசித் துண்டை எடுக்கும்போது பையின் பின்சவ்வு கிழிந்துவிட்டது. கருவியின் நுனியில் பிசிறு இருந்திருக்க வேண்டும். சிந்துஜாவைக் கூப்பிட்டேன். அவள் உட்கார்ந்து மீதியைச் சுத்தம் செய்தாள், ஆனால் இன்று வில்லை வைக்க முடியவில்லை. இன்னொரு முறை திறக்க வேண்டியிருக்கும்.

இது யாருக்கும் நடக்கும், புத்தகத்திலேயே சதவீதம் போட்டிருக்கிறது. எனக்குக் கடைசியாக நடந்தது பதினோரு வருடத்துக்கு முன்னால்.

நுனியை லென்ஸில் வைத்துப் பார்த்தேன். பிசிறு கண்ணுக்குத் தெரியவில்லை, ரொம்பப் பொடிசாக இருக்கும்.

ஜூலை 16, புதன்

கட்டைப் பிரித்தபோது குருசாமி, "ஊசில நூல் கோக்கற அளவுக்கு வந்துருமுங்களா?" என்று கேட்டார். வந்துரும் என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

லிஸ்டில் எனக்கு நான்கே நான்கு. நான்கும் இளசான புரை, கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். முற்றியது, கடினமானது எல்லாம் சிந்துஜா பெயரில். லிஸ்ட் போட்டது யார் என்றேன்.

"நாந்தானுங்க சார். உங்களுக்கு மத்தியானம் மீட்டிங்குன்னு…" என்றார் எஸ்தர் சிஸ்டர்.

எனக்கு மீட்டிங் எதுவும் இல்லை. போன மாத லிஸ்டுகளை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். எண்ணிக்கை குறையாவிட்டாலும், ஜூன் முதல் வாரத்திலிருந்தே கடினமானதெல்லாம் சிந்துஜாவுக்குத்தான் போயிருக்கிறது. யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் தலைகுனிந்து நின்றார், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. திட்டியது எனக்கே கேவலமாக இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

தண்டபாணி வரவில்லை. பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறானாம், இரண்டு வாரம் ஆகுமாம்.

மயில்சாமியோடு ஒன்பது குழி நடந்தேன். பாதி வழியில், "சாருக்கு நடக்கையில எடது கை ஆடுதுங், வலது கை ஆட மாட்டீங்குதுங். தோள்ல ஏதாச்சும் வலிங்களா?" என்றார். பையைத் தூக்குகிற வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன். இன்று பட்டரும் சரியில்லை.

ஆகஸ்டு 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வசந்தா எலுமிச்சை, தேங்காய், புளி, தயிர் என்று நான்கு வகைச் சாதம் செய்தாள். தேங்காயை வறுக்கப் போட்டுவிட்டு, "கொஞ்சம் பாத்துக்கங்க" என்று பூப்பறிக்கப் போனாள். நான் அடுப்புக்கு நேராக நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் ஓடிவந்து அடுப்பை அணைத்தபோது வீடு முழுக்கப் புகை.

"தெரு முக்கு வரைக்கும் தீஞ்ச வாசம் வருது, உங்களுக்கு வரலீங்களா?"

ஜலதோஷம் என்றேன். மூக்கு அடைத்திருக்கவில்லை. அவள் தீய்ந்த தேங்காயைக் கொட்டவும் இல்லை, வழக்கம்போல் கேலி செய்யவும் இல்லை. வாணலியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டு 5, செவ்வாய்

ஐந்தாவது பட்டருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். இது மார்பளவு உயரம். மேல்கை சும்மா பிடித்திருக்கும், கீழ்க்கை ஆட்டும், விரலுக்கு வேலையே இல்லை. நெஞ்சில் ஊன்றிக்கொண்டால் இன்னும் அசையாது, ஆனால் ஆட்டத்தின் சட்டம் விடாது.

குருசாமிக்கு இன்னும் மங்கல்தான்.

ஆகஸ்டு 10, ஞாயிறு

தண்டபாணி ஊரிலிருந்து வந்துவிட்டதாக மயில்சாமி சொன்னார். ஆட்டத்துக்கு வராதவனை வீட்டிலேயே பிடிக்கலாம் என்று காலை பத்து மணிக்குப் போனேன். முன்னறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், திரும்ப உட்கார்ந்தான்.

"கண்ணு செவந்துருச்சு சென்னி, மெட்ராஸ் ஐ" என்றான்.

"கழட்டு, பாக்கலாம்."

"ஒட்டிக்கும்பா."

நானே போய்க் கழற்றினேன். சிவப்பே இல்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு அவன் முகத்தைத் திருப்பியபோது, கண்பாப்பாவுக்குள்ளே ஒரு மினுக்கம் ஓடி மறைந்தது. புது வில்லை வைத்த கண்ணில் மட்டும் வரும் மினுக்கம் அது. அதை நான் எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேன்! நல்ல வேலை, வில்லை நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. மேஜைமேல் செய்தித்தாளுக்கு அடியில் சொட்டுமருந்து பாட்டில் எட்டிப்பார்த்தது.

"எப்போ?"

"போன மாசம் முப்பதாம் தேதி. பெங்களூர்ல."

"ஆடியில கண்ணைத் தொட மாட்டேன்னியே."

எனக்கு வாய் நிற்கவில்லை. இருபத்திரண்டு வருடம் என்றேன், துரோகி என்றேன், உன் மகள் கல்யாணத்துக்கு யாரடா முன்னால் நின்றது என்றேன், இன்னும் எழுத வெட்கமாக இருப்பதையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தண்டபாணி டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"மே மாசத்துல இருந்து பாக்கறேன் சென்னி. உங்கை மட்டையைப் புடிக்காம சும்மா கெடக்கையிலயும் ஆடுது. பாக்கெட்டுல வெச்சுக்கறே. ரெண்டடி கொடுத்தேன், நாலடி கொடுத்தேன். அதெல்லாம் கொடுத்தரலாம்பா. கண்ணை எப்படீடா கொடுக்கறது?"

"அப்பவே எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்றது? நீ ஒவ்வொரு பட்டரா வாங்கிட்டு வந்து, கொழந்தையாட்டம் காட்டறே. சொல்லோணும் சொல்லோணும்னுதான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வந்தேன். வாய் வரலே."

அவன் அழுதான். ஆபரேஷன் ஆன கண்ணில் கை வைக்காதே என்று நான்தான் கத்தினேன்.

"நீ தப்பிச்சுட்டே" என்றேன். "குருசாமி?"

"அது யாரு?"

கழற்றிய கண்ணாடியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கார் வரைக்கும் நடக்கும்போது கவனித்தேன். மயில்சாமி சொன்னது சரிதான், வலது கை வீசவில்லை.

ஆகஸ்டு 11, திங்கள்

வசந்தா, இதை உனக்காகத்தான் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுத முயல்கிறேன். வரி போகப் போகச் சிறுத்துவிடுகிறது, மன்னித்துக்கொள்.

எழுத்து சிறுக்கும், வாசனை தெரியாது, நடக்கையில் ஒரு கை வீசாது, சும்மா இருக்கும்போது விரல் நடுங்கும். மூன்றாம் வருட மாணவனை எழுப்பிக் கேட்டால் தூக்கக் கலக்கத்தில் சொல்லுவான். பார்க்கின்சன். எழுதிவிட்டேன். நான் டாக்டர், எனக்கு ஜூன் மாதமே தெரியும். தெரியாது என்று வைத்துக்கொள்ள ஒரு பட்டர் தேவைப்பட்டது, அது போதாமல் நான்கு.

தண்டபாணி சொல்லவில்லை, எஸ்தர் சிஸ்டர் சொல்லவில்லை, சிந்துஜா சொல்லவில்லை என்று நேற்று முழுக்கப் பொருமினேன். அவர்கள் யாரும் குருசாமியின் கண்ணுக்குள் கையை விடவில்லை. நான் விட்டேன். கருவி நுனியில் பிசிறு இல்லை. பயமாக இருக்கிறது. வெட்கம் அதைவிட அதிகமாக இருக்கிறது.

காலையில் சமையலறைக்குப் போய் வசந்தாவிடம் சொன்னேன். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். "தெரியுமுங்க. ஆடிப்பெருக்கு அன்னிக்கே தெரியுமுங்க" என்றாள். வியாழக்கிழமை நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தாள், என் பெயரில், ஐந்து நாளுக்கு முன்னாலேயே.

மதியம் குருசாமியை வரச் சொன்னேன். தப்பு என் கையில்தான் என்று சொன்னேன். அடுத்த முறை டாக்டர் சிந்துஜா செய்வார், நூல் கோக்க வரும் என்று நம்புகிறேன், சத்தியம் பண்ண முடியாது என்றேன். அவர், "மொதல்லயே தெரிஞ்சிருந்தா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து போனார்.

சாயங்காலம் கூரியர்க்காரர் ஐந்தாவது பட்டரைக் கொண்டுவந்தார். பிரிக்காமலே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்டு 12, செவ்வாய்

லிஸ்டில் என் பெயருக்கு நேராக ஐந்து இருந்தது. எல்லாரும் கை கழுவுமிடத்தில் இருந்தபோது சொன்னேன்: "இனிமே நான் மைக்ராஸ்கோப்புல உக்கார மாட்டேன். அஞ்சும் சிந்துஜா பண்ணட்டும்." குழாய் ஓடிக்கொண்டிருந்தது. எஸ்தர் சிஸ்டர் முகமூடிக்கு மேலே கண்ணைத் துடைக்க முடியாமல், கைகளை முன்னால் நீட்டியபடி நின்றார். கை கழுவியாயிற்றே, எங்கும் தொடக் கூடாது. ஜூலையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

முதல் கேஸ் வேலாத்தாள், அறுபத்தெட்டு வயது, காங்கயம் பக்கம். மேஜையில் படுத்தபடி என்னைத் தேடினார். "நீங்கதானுங்களே பண்றது? உங்க கையிலதான் பண்ணிக்கோணும்னு மூணு மாசமாக் காத்திருந்தனுங்க."

"இல்லீங்கம்மா, நான் பண்ணலே. டாக்டர் சிந்துஜா பண்ணுவாங்க. என்னைவிட நல்லாப் பண்ணுவாங்க. நான் பக்கத்துலயே இருக்கறனுங்க."

எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். "அப்படீன்னா கையைக் குடுங்க" என்றார்.

பச்சைத் துணியை மூடினார்கள். நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு, துணிக்கு அடியில் என் வலது கையைக் கொடுத்தேன். காய்த்துப்போன கை, நன்றாகப் பிடித்துக்கொண்டார். சிந்துஜா தொடங்கினாள். திரையில் அவள் வில்லையை எடுக்கப் பையின் முன்சவ்வை வட்டமாகக் கிழிப்பதைப் பார்த்தேன். ஒரு தடங்கல் இல்லை, ஒரு அவசரம் இல்லை. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். பொறாமையாக இருந்தது, கூடவே நிம்மதியாகவும் இருந்தது.

பாதியில் துணிக்கு அடியிலிருந்து வேலாத்தாளின் குரல் மெதுவாக வந்தது.

"உங்க கை இந்த நடுக்கம் நடுங்குதுங்களே. பயந்துக்காதீங்க டாக்டரு. ஒண்ணும் ஆகாதுங்க."

பேசக் கூடாது என்று எஸ்தர் சிஸ்டர் சொல்ல வாயெடுத்தார், நான் தலையசைத்து வேண்டாம் என்றேன்.

"சரிங்கம்மா" என்றேன். அவர் பிடியை இறுக்கினார்.